தேயிலைத் தோட்டத்துக்குள் யானைக்கு என்ன வேலை?

கேள்வி: 4 நவம்பர் 2025, காலை

தீபாவளி முடிந்து குடும்பத்தோடு வால்பாறை போய் வந்தோம். நடுமலை பக்கம் தேயிலைக்குள் குட்டிகளோடு ஏழெட்டு யானைகள் நின்றன. கூப்பிடு தூரத்தில் தொழிலாளர் வீடுகள், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள். சுற்றிலும் 958 சதுர கிலோமீட்டருக்குப் புலிகள் காப்பகம் இருக்கிறது, அதற்குள் இருக்க வேண்டியதுதானே? மழைக்காட்டில் யானைக்குத் தீனி குறைவு, புல் உள்ள காடுதான் அதற்கு ஏற்றது என்றும் படித்திருக்கிறேன். அப்படியானால் எல்லாவற்றையும் காப்பகத்துக்குள் இருக்கிற டாப்ஸ்லிப் காட்டுப் பக்கம் விரட்டிவிட்டு எஸ்டேட்டுகளைச் சுற்றி அகழி வெட்டிவிட்டால் மனிதருக்கும் நல்லது, யானைக்கும் நல்லது. இதில் என்ன தவறு?

4 நவம்பர், இரவு

நான் அந்த எஸ்டேட்டுகளில் ஒன்றில் லைன் வீட்டில், அதாவது தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய வீடுகளில் ஒன்றில், பிறந்து வளர்ந்தவன். அப்பா தேயிலை ஃபேக்டரியில் இருந்தார், அம்மா கொழுந்து பறித்தார். இப்போது பொள்ளாச்சியில் இருக்கிறேன். கேள்வி நல்ல எண்ணத்தில்தான் வந்திருக்கிறது, அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் வரைபடத்தைத் திறந்து பாருங்கள். வால்பாறை மேட்டு நிலம் சுமார் 220 சதுர கிலோமீட்டர். வடக்கிலும் கிழக்கிலும் ஆனைமலைப் புலிகள் காப்பகம், மேற்கில் பரம்பிக்குளம், தெற்கே கேரளத்தின் வாழச்சால் காடு. தேயிலை நடுவில் கிடக்கிறது. காப்பகத்தின் ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்கோ வாழச்சாலுக்கோ போகிற யானை இந்த நடுப்பகுதியைக் கடந்தாக வேண்டும். வருடத்தில் நூறு யானை அளவுக்கு இதன் வழியே வந்து போகின்றன என்பது ஆய்வாளர்களின் கணக்கு. எல்லாம் ஒரே நேரத்தில் அங்கே இருப்பதில்லை. சில கூட்டங்கள் மாதக்கணக்கில் தங்கும், சில இரண்டு நாளில் கடந்துவிடும்.

இந்த 220 சதுர கிலோமீட்டரும் 1890களுக்கு முன் அடர்ந்த மழைக்காடு. வெள்ளைக்காரத் துரைமார் காப்பிக்கும் தேயிலைக்கும் சிங்கோனாவுக்கும் வெட்டினார்கள். வெட்டிய கைகள் எங்கள் பாட்டன் பூட்டன்களுடையவை. சமவெளியில் பிழைக்க வழியில்லாமல், ஆள் சேர்க்க வந்த கங்காணி பின்னால் மலை ஏறி வந்தவர்கள். 1960களில் பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்தின் அணைகள் வந்து பள்ளத்தாக்குக் காடுகளில் ஒரு பங்கை மூழ்கடித்தன. மிச்சமிருந்தது துண்டு துண்டாகச் சில சோலைகள். அவற்றில் பல தனியார் எஸ்டேட்டுகளுக்குள்ளேயே இருக்கின்றன.

ஆக யானை தோட்டத்துக்குள் புதிதாக வரவில்லை. அதன் தாயும் பாட்டியும் நடந்த தடத்தில் நடக்கிறது. தடத்தின் இரண்டு பக்கமும் காடு போய்த் தேயிலை வந்துவிட்டது.

4 நவம்பர், இரவு, சற்றுப் பிறகு

அகழி பற்றி எழுத விட்டுப்போனது. வால்பாறையில் ஆண்டுக்குச் சுமார் 3,500 மில்லிமீட்டர் மழை. சின்னக்கல்லாறில் அதைவிட அதிகம். சரிவான மண்ணில் வெட்டிய அகழி ஒரு தென்மேற்குப் பருவமழை முழுக்கத் தாங்காது. கரை சரிந்து, அந்த மண்ணே யானைக்குப் படியாகிவிடும். அப்படியே தாங்கினாலும் இன்னொரு சிக்கல். உள்ளே மாட்டிக்கொண்ட கூட்டம் எந்தப் பக்கம் வெளியேறும்? குட்டியோடு நிற்கிற கூட்டத்துக்கு வெளியேற வழியில்லை என்றால் அதைவிட ஆபத்தான நிலைமை எஸ்டேட்டில் வேறு கிடையாது.

6 நவம்பர்

மழைக்காட்டில் தீனி குறைவு என்பதில் பாதி உண்மை இருக்கிறது. மரங்கள் மேலே குடை பிடித்து வெயிலை மறைக்கிற காட்டில் தரையில் புல் வளராது. முதுமலை, பந்திப்பூர் போன்ற இலையுதிர் காடுகளில் பார்க்கிற எண்ணிக்கையில் யானைகளை மழைக்காட்டில் பார்க்க முடியாது. அதனால் மழைக்காடு யானைக்கு வேண்டாத காடு என்று முடிவுகட்டினால் பெரிய தவறு.

ஓடையோரம் வளரும் ஈத்தை மூங்கில், பிரம்பு, கூந்தல்பனைக் குருத்து, ஆலம் அத்தி வகைகளின் பட்டையும் கிளையும், மரம் விழுந்த இடங்களில் முளைக்கிற புல் பூண்டு, உதிர்ந்த பழங்கள் எல்லாம் அதற்குத் தீனி. எல்லாவற்றையும்விட முக்கியம், கோடையில் கீழ்க்காடு காய்ந்து கிடக்கும்போதும் மேலே தண்ணீரும் நிழலும் இருக்கும். மார்ச், ஏப்ரல் வெயிலில் சமவெளி ஓரத்துக் காட்டில் நின்று பார்த்தவர்களுக்கு யானை ஏன் மலை ஏறுகிறது என்று விளக்க வேண்டியதில்லை.

தோட்டத்துக்கு நடுவே இருக்கிற துண்டுச் சோலைகளுக்கு வேறொரு வேலை இருக்கிறது. அவை பகலில் ஒளிந்துகொள்ளும் இடம். தேயிலையை யானை தின்னாது. திறந்த தேயிலைச் சரிவில் பகலில் நிற்கவும் விரும்பாது, ஆட்கள் கூச்சல் போடுவார்கள், பட்டாசு வெடிப்பார்கள், ஜீப் வரும். பொழுது சாயும்வரை சோலையிலோ ஆற்றோர மரங்களுக்குள்ளோ நின்றுவிட்டு இருட்டிய பிறகு நகரும். நீங்கள் பார்த்த கூட்டம் பகலிலேயே வெளியில் நின்றது என்றால், பக்கத்துச் சோலையில் ஏதாவது தொந்தரவு இருந்திருக்கலாம், அல்லது ஒதுங்கும் அளவுக்குச் சோலையே அங்கே இல்லாமல் இருக்கலாம்.

நூறு ஏக்கர்கூட இல்லாத ஒரு சோலையை "இவ்வளவு சின்னக் காட்டில் என்ன யானை வாழும்" என்று தள்ளிவிடுகிறார்கள். அதில் யானை வாழ வேண்டாம். ஒரு பகல் நின்று போக இடம் இருந்தால் போதும். அந்தச் சோலை போய்விட்டால் அதே கூட்டம் அந்தப் பகலை லைன் வீடுகளுக்குப் பின்னால் கழிக்கும்.

7 நவம்பர்

யூகலிப்டஸ் பற்றியும் சொல்ல வேண்டும். தேயிலை உலர்த்த ஃபேக்டரிக்கு விறகு வேண்டும், அதற்காக எஸ்டேட்டுகளில் யூகலிப்டஸ் தோப்பு வைத்திருப்பார்கள். இயற்கைக் காடு இல்லை என்றாலும் யானை அதற்குள் பகலில் நிற்கும், மறைப்பு கிடைக்கிறதே. ஒரு வருடம் அந்தத் தோப்பை முழுக்க ஒரே மூச்சில் வெட்டிவிடுவார்கள். அடுத்த வாரம் வருகிற கூட்டம் திகைத்துப்போய் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் சுற்றும். எங்கள் லைனுக்கு மேலே இருந்த தோப்பை அப்படி வெட்டிய வருடம்தான் வீட்டுக் கதவுகளும் சத்துணவுக்கூடமும் அதிகம் உடைந்தன. தடத்தை ஒட்டிய தோப்புகளைப் பகுதி பகுதியாகத்தான் வெட்ட வேண்டும் என்று ஆய்வாளர்கள் பல வருடங்களுக்கு முன்பே எழுதிவிட்டார்கள். கூடுதல் செலவில்லாத வேலை. கொஞ்சம் திட்டமிட்டால் போதும்.

8 நவம்பர், இரவு

"சொந்த அனுபவம் சொல்லுங்கள்" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

நான் ஏழாவதோ எட்டாவதோ படித்தபோது எங்கள் லைனுக்குக் கீழே ரேஷன் கடை இருந்தது. மாதத்தில் அரிசி வந்து இறங்குகிற வாரம் யானையும் வரும். மோப்பம் அப்படி. ஓட்டைப் பிரிக்காது, ஜன்னல் பக்கத்துச் சுவரைத் தலையால் அழுத்தும். செங்கல் விழுகிற சத்தத்தை விட்டுவிட்டுக் கேட்போம். வீட்டுக்குள் விளக்கை அணைத்துவிட்டு அம்மா எங்களைச் சுவரோரம் உட்கார வைத்துவிடுவார். குழந்தை அழுதால் பால் கொடுத்து அமர்த்துவார்கள். ஒரு மணி நேரம் கழித்து யானை போய்விடும். காலையில் பார்த்தால் அரிசி மூட்டைகளும் உப்பும்தான் போயிருக்கும். மண்ணெண்ணெய் பீப்பாயைத் தள்ளி வைத்திருக்கும்.

பயம் இருந்தது. வெறுப்பு இருந்ததாக நினைவில்லை. யானை வந்த மறுநாள் காலை அந்தத் தடத்துக்குக் கற்பூரம் கொளுத்திக் கும்பிட்டவர்கள் எங்கள் லைனில் உண்டு. அதே ஆட்கள்தான் ஒரு நாள் மாலை பஸ் இறங்கி வந்த ஒரு பெரியவர் மிதிபட்டு இறந்தபோது சாலையில் உட்கார்ந்து மறியல் செய்ததும். இந்த இரண்டையும் சேர்த்துப் புரிந்துகொள்ளாமல் வால்பாறையைப் பற்றிப் பேச முடியாது.

கடைக்கு யானை வரக் காரணம் அங்கே அரிசி இரவு தங்குவதுதான். வண்டியில் கொண்டு வந்து பகலிலேயே கொடுத்து முடித்துவிட்டால் இரவில் உடைக்க ஒன்றும் இருக்காது. நடமாடும் ரேஷன் வண்டி என்ற யோசனை இதிலிருந்துதான் வந்தது. சத்துணவுக்கூடத்துக்கும் இது பொருந்தும்.

9 நவம்பர்

அந்தப் பெரியவரின் சாவைப் பற்றிக் கொஞ்சம் எழுத வேண்டும், ஏனென்றால் வால்பாறையில் யானையால் நடந்த சாவுகளில் பெரும்பாலானவை அதே மாதிரிதான். கடைசி பஸ். இருட்டு. பனிமூட்டம். சாலையிலிருந்து லைனுக்கு ஒற்றையடிப் பாதை. தேயிலைக்கு நடுவே ஒரு யானை நிற்கிறது, அது அங்கே நிற்பது அவருக்குத் தெரியாது, அவர் வருவது அதற்கும் பக்கத்தில் வரும்வரை தெரியாது.

1994 தொடங்கி இருபது ஆண்டுகளில் அந்த மேட்டு நிலத்தில் சுமார் நாற்பது பேர் யானையால் இறந்தார்கள். இயற்கைப் பாதுகாப்பு அமைப்பைச் (என்.சி.எஃப்.) சேர்ந்த ஆனந்தகுமார் ஒவ்வொரு சாவையும் எடுத்து எங்கே, எப்போது, எப்படி என்று பார்த்தார். யானை இருப்பது தெரியாமல் எதிர்ப்பட்டதால் நடந்தவைதான் மிகப் பல. விரட்டப்போனது, வேண்டுமென்று கிட்டே போனது எல்லாம் குறைவு. அப்படியானால் யானை இன்று எங்கே நிற்கிறது என்று மக்களுக்கு மாலைக்குள் சொல்லிவிட்டால் சாவு குறைய வேண்டும் அல்லவா?

அதைத்தான் செய்தார்கள். 2006 வாக்கில் உள்ளூர் கேபிள் டிவியில் படத்துக்குக் கீழே வரி ஓடும், இன்னின்ன எஸ்டேட்டில் யானை என்று. அப்புறம் செல்போன் குறுஞ்செய்தி. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குத் தமிழில் குரல் அழைப்பு. பாதைகள் பிரியும் இடங்களில் உயரமான கம்பத்தில் சிவப்பு விளக்கு, யானை பக்கத்தில் இருந்தால் செல்போன் மூலமே எரிய விடலாம். விளக்கு எரிவதைத் தூரத்திலேயே பார்த்து ஆட்கள் நின்றுவிடுவார்கள். யானை இருக்கிறது என்ற தகவலைக் கொடுப்பவர்களும், விளக்கைப் போடுபவர்களும் அந்தந்த ஊர் ஆட்களே. 2015இல் இந்த வேலைக்காக ஆனந்தகுமாருக்கு விட்லி விருது கிடைத்தது.

சாவுகள் நன்றாகக் குறைந்தன. முற்றிலும் நிற்கவில்லை, இன்றும் நடக்கின்றன, ஒவ்வொன்றும் ஒரு வீட்டைச் சிதைக்கிறது. ஆனால் அம்மா ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடங்களில் மாலை ஐந்து மணிக்கு மேல் போனைக் கையில் வைத்துக்கொண்டுதான் இருப்பார். குரல் அழைப்பு வந்தால் பக்கத்து வீடுகளுக்கும் சத்தம் போட்டுச் சொல்லிவிடுவார். அகழியும் மின்வேலியும் கொடுக்காத நிம்மதியை ஒரு போன் கொடுத்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

10 நவம்பர்

"எச்சரிக்கை செய்தால் மனிதன் பிழைப்பான், யானைக்கு அதனால் காடு கூடிவிடுமா?" சரியான கேள்வி. கூடாது. ஆனால் ஓர் ஊரில் ஆள் செத்துக்கொண்டே இருந்தால் அந்த ஊரில் சோலையை வளர்ப்போம் என்று யாரும் வாய் திறக்க முடியாது. முதல் கேள்வியே "விரட்டுங்கள்" என்றுதான் வரும். உயிர்ப்பயம் குறைந்த இடத்தில்தான் காட்டைப் பற்றிய பேச்சு தொடங்கும். வரிசை அப்படித்தான் வரும் என்பது என் எண்ணம்.

காடு கூட்டுகிற வேலையும் நடந்துகொண்டிருக்கிறது. அதே என்.சி.எஃப். அமைப்பின் ஆய்வாளர்கள் திவ்யா முத்தப்பாவும் சங்கர் ராமனும் 2000களின் தொடக்கத்திலிருந்து எஸ்டேட் நிர்வாகங்களோடு பேசி, சிதைந்த சோலைத் துண்டுகளில் மழைக்காட்டு மரங்களை மறுபடி நட்டு வருகிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் நாற்று நடுவது சின்ன வேலையாகத் தெரியும். முதலில் களையாகப் பரவிய உண்ணிச்செடியை (லாண்டனா) வேரோடு எடுக்க வேண்டும், அதுவும் அங்கே தானாக முளைத்திருக்கும் காட்டு மரக் கன்றுகளை மிதிக்காமல். சாலையோரத்தில் உதிர்ந்து வீணாகிற விதைகளைப் பொறுக்கி நாற்றங்காலில் வளர்க்க வேண்டும். வெடிப்பலா, கருங்குங்கிலியம், நாங்கு, அத்தி வகைகள் என்று நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள். மழை தொடங்கியதும் நட வேண்டும். அப்புறம் இரண்டு மூன்று வருடம் களை எடுக்க வேண்டும். தோட்டத்தில் நிழலுக்கு வைக்கிற சில்வர் ஓக் மரம் வளர்கிற வேகத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த மரங்களின் வேகம் பொறுமையைச் சோதிக்கும். பத்து, பதினைந்து வருடம் கழித்துப் போய்ப் பார்த்தால் உள்ளே இருட்டாக, ஈரமாக, காடு என்று சொல்லும்படி இருக்கிறது.

என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் முதலில் வர வேண்டியது நடு ஆறும் சோலையாறும் ஓடுகிற கரைகள். யானைத் தடங்களைப் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வுகள் இந்த ஆற்றோரத்தைத்தான் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. மேட்டு நிலத்தைக் குறுக்கே கடக்க அதுதான் யானைக்கு நெடுஞ்சாலை. கரையின் இரண்டு பக்கமும் ஒரு பட்டை காடு தொடர்ச்சியாக இருந்தால், லைன்களைத் தொடாமலே கூட்டங்கள் கடந்து போய்விடும். அந்தக் கரை நிலத்தின் பெரும்பகுதி எஸ்டேட்டுகளின் கையில். வனத்துறை மட்டும் நினைத்தால் நடக்காது.

10 நவம்பர், இரவு

போர்னியோவில் இதே கதை ஓடிக்கொண்டிருக்கிறது. மலேசியாவின் சபா மாநிலத்தில் கினபதாங்கன் ஆறு. இங்கே தேயிலை, அங்கே செம்பனை. காடு ஆற்றோரம் துண்டு துண்டான பட்டையாகச் சுருங்கி, யானைகள் அந்தப் பட்டையைப் பிடித்துக்கொண்டு போய் வருகின்றன. செம்பனைத் தோட்டம் ஆற்றங்கரை வரை இறங்கிவிட்ட இடங்களில் அவை தோட்டத்துக்குள் வந்தாக வேண்டும். போர்னியோ யானைகள் மொத்தமே ஆயிரம் அளவில்தான் மிச்சம். 2024இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அருகிவரும் துணையினம் என்று தனியாகப் பட்டியலில் சேர்த்தது. பினாங்கிலோ ஜொகூரிலோ இருந்து இதைப் படிக்கிறவர்கள் யாராவது கினபதாங்கன் போயிருந்தால் எழுதுங்கள், தெரிந்துகொள்ள ஆசை.

12 நவம்பர்

"யானை பத்து வருடத்தில் 7,500 குறைந்துவிட்டது" என்று மேலே ஒருவர் போட்டிருக்கும் கணக்கை அப்படியே விட முடியாது. 2017 கணக்கில் இந்தியாவில் 29,964. 2025 அக்டோபரில் வந்த அறிக்கையில் 22,446. கழித்தால் 7,500 வருவது உண்மைதான். ஆனால் முறையே மாறிவிட்டது. முன்பு நேரில் பார்த்தும் சாணத்தை வைத்தும் கணக்கிட்டார்கள். இந்த முறை சாணத்திலிருந்து மரபணு எடுத்து ஒவ்வொரு யானையையும் அடையாளம் கண்டு கணித்திருக்கிறார்கள். பழைய எண்ணோடு ஒப்பிடக் கூடாது, இதைப் புதிய தொடக்கமாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று அறிக்கையை வெளியிட்டவர்களே சொல்லிவிட்டார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் 11,934, அதாவது நாட்டின் யானைகளில் பாதிக்கும் மேல். தமிழ்நாட்டில் 3,136.

எண்ணிக்கையைவிட என்னை அதிகம் கவலைப்பட வைப்பது துண்டாகிப்போவதுதான். மொத்த எண் நன்றாகவே இருக்கலாம். ஆனால் ஒரு கூட்டம் இன்னொரு கூட்டத்தைச் சந்திக்கிற வழி அடைபட்டுவிட்டால், அடுத்த இரண்டு மூன்று தலைமுறையில் அந்த எண்ணுக்கு அர்த்தம் இருக்காது. 2023இல் மத்திய அரசு நாடு முழுக்க 150 யானை வழித்தடங்களைப் பட்டியலிட்டது. பட்டியலில் இருக்கிற வழித்தடங்களிலேயே கட்டடம் எழும்புகிறது என்பதை கோவைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

13 நவம்பர்

ஆப்பிரிக்க மழைக்காட்டு யானை பற்றிக் கேட்டவருக்கு. அது சவானா யானையிலிருந்து வேறு இனம். 2021இல்தான் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் தனியாக மதிப்பிட்டது. 31 வருடத்தில் 86 சதவீதத்துக்கும் மேல் வீழ்ச்சி, மிக ஆபத்தான நிலை. முக்கியக் காரணம் தந்தத்துக்கான வேட்டை, அடுத்தது காடு அழிவது. கபோனின் மின்கேபே காட்டில் மட்டும் 2004இலிருந்து பத்து வருடத்தில் 25,000 அளவுக்கு யானைகள் போய்விட்டன. இந்த இனத்தில் பெண் யானை முதல் குட்டி போடுவதற்கே இருபது வயதைத் தாண்டுகிறது, அப்புறம் ஐந்தாறு வருடத்துக்கு ஒன்று. போன எண்ணிக்கை திரும்பி வருவதற்கு மனித ஆயுள் போதாது.

அதே கபோனில் லோபே தேசியப் பூங்காவில் நடந்த ஓர் ஆய்வு இன்னும் என் மனத்தை அறுக்கிறது. அங்கே வேட்டை குறைவு, காடும் பாதுகாக்கப்பட்டது. 1986இலிருந்து மாதாமாதம் மரங்களைப் பார்த்துப் பழம் இருக்கிறதா என்று குறித்து வந்தார்கள். எண்பதுகளில் பத்து மரம் பார்த்தால் ஒன்றில் பழுத்த பழம் இருந்தது. 2018இல் ஐம்பது மரத்துக்கு மேல் தேட வேண்டியிருந்தது. பழம் கிடைப்பது 81 சதவீதம் குறைந்துவிட்டது. காமிராவில் பதிந்த படங்களை ஒப்பிட்டால் பத்து வருடத்தில் யானைகளின் உடம்பும் 11 சதவீதம் இளைத்திருக்கிறது. இரவின் வெப்பம் கூடியதால் மரங்கள் பூப்பது தடைபடுகிறது என்பது அவர்களின் கருத்து.

பாதுகாக்கப்பட்ட காட்டிலேயே இப்படி. நம் ஆனைமலையில் எந்த மரம் எந்த மாதம் பூத்தது, காய்த்தது என்று ஐம்பது வருடத்துக்கு விடாமல் யாராவது எழுதி வைக்க வேண்டும். ஆனைமலையின் காடர் பழங்குடிப் பெரியவர்களிடம் இதற்கான நினைவுக் கணக்கு நிறைய இருக்கிறது. தேனுக்கும் குங்கிலியத்துக்கும் காட்டுக்குள் போய் வந்தவர்கள், எந்த வருடம் எது பூக்கவில்லை என்று அவர்களுக்குத் தெரியும். ஆய்வாளர்கள் அவர்களை வழிகாட்டியாக மட்டும் கூட்டிப்போகாமல், அந்தக் கணக்கை அவர்கள் பெயரிலேயே பதிவு செய்தால் பெரிய காரியமாக இருக்கும்.

15 நவம்பர்

முதல் கேள்வியில் இருந்த "விரட்டிவிட்டு" என்ற யோசனைக்குத் திரும்புகிறேன். அதைச் செய்து பார்த்த கதைகள் நம்மிடமே இருக்கின்றன.

சின்னத்தம்பி என்ற யானை. 2019 ஜனவரியில் கோவை தடாகம் பக்கத்தில் பிடித்து டாப்ஸ்லிப் அருகே வரகளியாறு காட்டில் விட்டார்கள். சில நாட்களில் நடந்தே உடுமலை பக்கம் கரும்புத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது. மறுபடி பிடித்துக் கூண்டில் அடைத்துப் பழக்கினார்கள். அது இன்று கும்கி. ஒரு காட்டு யானையைக் காடு இழந்துவிட்டது.

அரிக்கொம்பன். 2023 ஏப்ரலில் கேரளத்தின் சின்னக்கானலில் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள். ஒரு மாதத்தில் கம்பம் நகரத் தெருவில் நின்றது. ஜூனில் பிடித்துக் களக்காடு முண்டந்துறையின் மேல் கோதையாறில் விட்டார்கள். செப்டம்பரில் மாஞ்சோலை எஸ்டேட்டுகளுக்குள் வந்தது.

யானை தன் ஊரை மறக்காது. பழக்கமில்லாத காட்டில் விட்டால் எங்கே தண்ணீர், எங்கே ஈத்தை என்று தெரியாமல் அலைகிறது, ஏற்கெனவே அங்கே இருக்கிற யானைகள் இடம் கொடுக்க வேண்டும். மனிதரைக் கொன்று பழகிய ஒன்றிரண்டு யானைகளுக்கு வேறு வழியே இல்லாமல் போகலாம், அதை மறுக்கவில்லை. குட்டிகளோடு கடந்து போகிற கூட்டங்களுக்கு இது தீர்வே கிடையாது.

16 நவம்பர்

மாஞ்சோலை என்று எழுதிய உடனே மூன்று பேர் கேட்டுவிட்டார்கள், "எஸ்டேட் காலியாகிக் காடாக மாறினால் யானைக்கு நல்லதுதானே?"

நல்லதுதான். 1929இல் சிங்கம்பட்டி ஜமீன் 99 வருடக் குத்தகைக்கு விட்ட 8,373 ஏக்கர் அது, 2028இல் முடிகிறது. அகத்தியமலை யானைகள் காப்பகம் 2022இல் அறிவிக்கப்பட்டது, 1,197 சதுர கிலோமீட்டர். அதற்குள் இந்தத் தேயிலைச் சரிவுகள் காடாக மாறினால் யானைக்கும் சோலைமந்திக்கும் தாமிரபரணிக்கும் லாபம். இதை மனமார விரும்புகிறேன்.

ஆனால் லைன் வீட்டில் பிறந்தவன் என்பதால் இன்னொன்றும் தெரியும். எஸ்டேட் தொழிலாளிக்கு வேலை போனால் அதே நாளில் வீடும் போகும். நாலு தலைமுறை இருந்த வீட்டுக்குப் பட்டா கிடையாது. சமவெளியில் ஒரு சென்ட் நிலம் கிடையாது. நிறுவனம் குத்தகையில் சம்பாதித்துவிட்டுக் கிளம்பும், அரசு காட்டைப் பெறும், நடுவில் இறக்கி விடப்படுகிறவர்கள் இந்தக் குடும்பங்கள். யானைக்காக இது என்று அவர்களிடம் சொன்னால் அவர்கள் பிள்ளைகள் யானையைப் பற்றி என்ன நினைப்பார்கள்?

நேற்று முழுக்க இதை யோசித்தேன். நிலம், வீடு, வேலை மூன்றையும் முதலில் கொடுத்துவிட்டு, விருப்பம் உள்ளவர்களுக்குக் காட்டை மீட்கிற வேலையையே தினக்கூலியாக இல்லாமல் நிரந்தரச் சம்பளத்தோடு கொடுக்கலாம். எந்தச் சரிவில் நீர் ஊறும், எங்கே முன்பு சோலை இருந்தது, யானை எந்த இடுக்கில் இறங்கும் என்று அவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு யாருக்கும் தெரியாது. தேயிலைச் செடியைச் சும்மா விட்டுவிட்டால் அது காடாகிவிடாது. கவாத்து இல்லாமல் மரமாக வளரும், இடைவெளியில் உண்ணிச்செடி ஏறும். அதை மழைக்காடாக மாற்ற நூற்றுக்கணக்கான கைகள் பல வருடம் வேலை செய்ய வேண்டும். அந்தக் கைகள் அங்கேயே இருந்தன.

17 நவம்பர்

வால்பாறையில் இப்போது கொழுந்து பறிப்பவர்களில் ஜார்க்கண்ட், அசாம், ஒடிசாவிலிருந்து வந்தவர்கள் நிறைய. எங்கள் பிள்ளைகள் திருப்பூர், கோவை என்று இறங்கிவிட்டார்கள். புதிதாக வந்தவர்களுக்கு எந்தப் பாதையில் மாலைக்குப் பிறகு போகக் கூடாது, சாணத்தின் வாசனை காற்றில் வந்தால் எந்தப் பக்கம் ஒதுங்க வேண்டும் என்று சொல்லித்தர வீட்டில் பாட்டி இல்லை. எச்சரிக்கை செய்தி அவர்கள் மொழியிலும் போக வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே மஸ்டரில் (காலையில் ஆள் கணக்கு எடுக்கும் இடத்தில்) வைத்து இதைச் சொல்வதை ஒவ்வொரு எஸ்டேட்டும் கட்டாயமாக்கலாம்.

17 நவம்பர், மாலை

சுற்றுலா பற்றி ஒரு வரி. 2025 நவம்பர் 1ஆம் தேதி முதல் வால்பாறைக்கும் இ-பாஸ் வந்துவிட்டது. வரவேற்கிறேன். யானையைக் கண்டால் வண்டியை நிறுத்தி ஹாரன் அடித்துப் படம் எடுக்கிற கூட்டத்தால் ஆற்றைக் கடக்க வந்த யானைகள் திரும்பிப்போய் இரவு முழுக்க லைன் பக்கம் நிற்கின்றன. நீங்கள் படத்தோடு கீழே இறங்கிவிடுவீர்கள். அன்று இரவு விழித்திருப்பவர்கள் வேறு ஆட்கள்.

19 நவம்பர்

வால்பாறை அருகே ரொட்டிக்கடை என்ற ஊர்ப் பக்கம் ஐந்து ஏக்கர் காப்பி வைத்திருக்கிறேன், ஓடையோரம் எதை நடலாம் என்று கேட்டவருக்கு.

நிழலுக்கு சில்வர் ஓக் மட்டும் வைக்காதீர்கள். ஓடையை ஒட்டி அத்தி, நாவல், நாங்கு, கருங்குங்கிலியம், கொஞ்சம் மேலே வெடிப்பலா. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த குடைமரம் (மீசோப்சிஸ்) நாற்று யாராவது இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள், பறவைகள் விதையைச் சோலைக்குள் கொண்டுபோய் அங்கே அது பரவுகிறது. ராபஸ்டா காப்பிச் செடிகளையும் சோலை ஓரத்திலிருந்து தள்ளியே வையுங்கள், அதுவும் உள்ளே ஏறும். ஈத்தை இருந்தால் வெட்டாதீர்கள். ஓடைக்கும் காப்பிக்கும் நடுவில் வேலி போட வேண்டாம், வீட்டைச் சுற்றி மட்டும் போதும். வாழையும் பலாவும் வீட்டுக்குப் பக்கத்தில் வேண்டாம். ஏற்கெனவே பலா இருந்தால் மரத்தை வெட்டத் தேவையில்லை, பழுக்கும் முன்பே காயை இறக்கிவிடுங்கள். ஜூனில் மழை பிடித்ததும் நட்டால் நல்லது. இப்போதிலிருந்து உண்ணிச்செடியை எடுக்கத் தொடங்கினால் சரியாக இருக்கும்.